தனியாகவா, குழுவாகவா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
கணவர் போய் எட்டு மாதம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவருடைய தேநீர்க் கோப்பையைக் கழுவி வைக்கிறேன். மருத்துவர் உளவியல் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். தனியாகவா, குழுவாகவா?

பதில்:
அக்கா, இரண்டிலும் உட்கார்ந்தவள் நான். பதற்றத்துக்குத் தனி அமர்வுதான் கைகொடுத்தது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த முறை: மனத்தில் ஓடும் எண்ணத்தை நோட்டில் எழுதி, அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். அம்மா இறந்தபோது குழுவுக்குப் போனேன். வட்டமாக எட்டு நாற்காலிகள். "நானும் அவர் சட்டையை இன்னும் துவைக்கிறேன்" என்றார் ஒரு பாட்டி. அந்த வரியை எந்த நிபுணர் தருவார்? (பிஸ்கட் மட்டும் மகா மட்டம்.)

பதில்:
பிள்ளைகள் அப்பா பேச்சையே எடுப்பதில்லை என்றால் குடும்ப அமர்வையும் கேளுங்கள். என் மகன் அங்கேதான் முதன்முதலாக அழுதான்.

கேள்வி கேட்டவர்:
வியாழக்கிழமைக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன். பிஸ்கட்டை நானே சுட்டு எடுத்துப் போகிறேன்.