இருட்டடிப்பு வேண்டாம், ‘குழுவடைப்பு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையக் குழுக்களில் பதிவுகளைக் கவனித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்கள் (மாடரேட்டர்கள்) எதிர்ப்புக் காட்டத் தங்கள் குழுவையே மூடிவைக்கும் ‘பிளாக்அவுட்’டுக்கு ‘இருட்டடிப்பு’ போதும் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. செய்தியை வெளியே வரவிடாமல் அமுக்குவதைத்தான் நாம் இருட்டடிப்பு என்கிறோம்.

இந்தச் சொல்லால் நானே பட்டிருக்கிறேன். சென்னை வேளச்சேரியில் மழைக்காலத்துக்கென்று ஓர் இணையக் குழுவை ஆறு பேர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறோம். எந்தத் தெருவில் முழங்காலளவு தண்ணீர், எங்கே கரண்ட் இல்லை என்பதெல்லாம் அதில் வரும். செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று நள்ளிரவில் புரளி வந்தால் எழுந்து உட்கார்ந்து நீக்குவோம். பதிவுகளைப் பார்த்தபின் வெளியிடும் வசதியை, குழு இருக்கும் தளத்தை நடத்தும் நிறுவனம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டது. அதை எதிர்த்துக் கோடையில் இரண்டு நாள் குழுவை மூடினோம். எதிர்வீட்டு அக்கா கேட்டார்: “என்ன தம்பி, எல்லாத்தையும் இருட்டடிப்பு பண்ணிட்டீங்களாமே?” பழி எங்கள் மேல் விழுந்தது.

‘கதவடைப்பு’ம் சரிவராது. அது முதலாளி தொழிலாளர்களை வெளியே நிறுத்திப் பூட்டுவது. கதவடைப்பு கண்ட பெரம்பூர் பின்னி துணி ஆலையைப் பார்த்த ஊரில், அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டு நிறுவனத்தை எதிர்ப்பவர்களுக்கு வைக்க முடியாது.

‘வேலைநிறுத்தம்’ வேறு. 2023 ஜூனில், ஏஐ எழுதிய பதில்களை நீக்குவதற்கு நிறுவனம் கட்டுப்பாடு விதித்ததும் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (Stack Exchange) என்ற கேள்வி-பதில் தளத்தில் மட்டுறுத்துநர்கள் வேலையை நிறுத்தினார்கள். தளம் திறந்தே இருந்தது. அதே மாதம் ரெடிட் என்ற விவாதத் தளத்தில், வெளியார் செய்த செயலிகள் அதிலிருந்து தரவு கேட்கும் ஒவ்வொரு 1000 முறைக்கும் 0.24 டாலர் என்று நிறுவனம் கட்டணம் வைத்ததை எதிர்த்து, 12ஆம் தேதி முதல் ஆயிரக்கணக்கான குழுக்கள் மூடிக்கிடந்தன. இதற்குத்தான் சொல் தேவை.

‘குழுவடைப்பு’ என்கிறேன். கடையடைப்பு நமக்குப் பழகிய சொல்: ஷட்டரை இறக்கியவர் கடைக்காரர், நாளைக்குத் திறப்பவரும் அவரே. ‘அடைப்பு’ என்றால் சாக்கடை நினைவு வரும் என்றார் ஒருவர். கடையடைப்பில் யாருக்கும் வருவதில்லையே!

ஒரு குறை உண்டு. கடை கடைக்காரருடையது, குழு நிறுவனத்தின் இடத்தில் இருப்பது. திறக்காவிட்டால் மட்டுறுத்துநர்களை மாற்றுவோம் என்று ரெடிட் அப்போதே சொன்னது. 2024 செப்டம்பர் கடைசியிலிருந்து, பொதுக் குழுவை மூடவே அங்கே அனுமதி கேட்க வேண்டும். ஆனாலும் அந்தக் குழுவை வளர்த்தவர்கள் மட்டுறுத்துநர்கள்தான். சொல்லிலாவது அது தெரியட்டும்.

அப்புறம், நிறுவனம் ஆளை மாற்றித் திறந்துவிடுவதற்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘பூட்டுடைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், திருட்டு வழக்குச் செய்தி போல இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?