கீழக்கரை வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள், ஒன்றில்கூட பாட்டு இல்லை. என்ன இவை?

கீழக்கரை_பரண்:
வாப்பாவின் வாப்பா அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு சினிமா கொட்டகையில் வேலை பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் 78 வேக (நிமிஷத்துக்கு 78 சுற்று) ரெக்கார்டுகள் ஒரு அடுக்கு இருக்கின்றன. பாட்டுத்தட்டு என்று ஆசையாக எடுத்தால் லேபிளில் பாடகர் பெயரே இல்லை, புயல், ரயில், கூட்டம் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது, சிலதில் அஜிடேட்டோ, மிஸ்டீரியோஸோ. புயல் தட்டின் நடுவே மஞ்சள் மெழுகுப் பென்சிலில் ஒரு கோடு, பக்கத்தில் 2. உப்புக்காற்றில் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. எதற்கு இவை, எப்படித் துடைப்பது?

மண்டபம்_ஆபரேட்டர்:
ஊமைப்படத்துக்குப் பின்னணி வாசிக்கிற தட்டுகள். முதலில் இதெல்லாம் இசைக்குறிப்பு அச்சடித்த புத்தகமாகத்தான் வந்தது. ஜமெக்னிக் என்பவர் 1913இல் அமெரிக்காவில் போட்டது ஒன்று, எர்னோ ராப்பேயின் தடிப் புத்தகம் 1924இல். துரத்தலுக்கு ஒன்று, சோகத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பார்கள் (உங்க லேபிளில் அஜிடேட்டோ என்றால் பரபரப்பு, மிஸ்டீரியோஸோ என்றால் மர்மம்), பியானோக்காரர் காட்சிக்கு ஏற்றதைப் புரட்டி வாசிப்பார். பியானோக்காரரை வைத்துக் கட்டுப்படியாகாத கொட்டகைக்கு ரெக்கார்டு. 10 அங்குலத் தட்டு ஒரு பக்கம் 3 நிமிஷம்தான் ஓடும் என்பதால் இரண்டு டர்ன்டேபிள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே மற்றதை ஏற்றுவார்கள். இடி, ரயில் சத்தமெல்லாம் 1925க்குப் பிறகு, மைக் வைத்துப் பதிய ஆரம்பித்த அப்புறம்தான் காதுக்கு நம்பும்படி இருக்கும், குழாயில் கத்திப் பதிந்த காலத்தில் இடி என்றால் தகரத்தைத் தட்டியது போலத்தான் கேட்கும். (நம்மூர் நாடகக் கொட்டகையில் தகரத்தைத்தானே ஆட்டினார்கள்!) தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931இல் வந்ததும் இந்தத் தட்டுகளுக்குக் கொட்டகையில் வேலை குறைந்துவிட்டது.

தொண்டி_ரெக்கார்டு:
துடைக்க ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே போகாதீங்க, இது அரக்குத் தட்டு, கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளம் போகும் வாக்கில் வட்டமாகத் தேய்க்கணும். லேபிள் நனையக் கூடாது. மின்விசிறிக் காற்றில் காயட்டும், வெயிலில் வைத்தால் வளையும்.

மண்டபம்_ஆபரேட்டர்:
கொஞ்சம் பொறுங்க, அந்த மஞ்சள் கோட்டை அழிச்சிடாதீங்க! ஊசியை எங்கே இறக்கணும் என்று ஆபரேட்டர் இருட்டில் பார்க்கப் போட்ட அடையாளம் அது, 2 என்பது ரீல் நம்பராக இருக்கலாம். இந்த மாதிரி தட்டு வேறு வீட்டிலும் கிடைக்கும், உங்க தாத்தா எந்தக் காட்சிக்கு எந்த இடி என்று முடிவு பண்ணினது இந்தக் கோட்டில் மட்டும்தான் இருக்கு. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் சாய்வாக டார்ச் அடித்து போட்டோ எடுங்க, அப்புறம் கோட்டைத் தொடாமல் கழுவுங்க. எல்பி (பிற்கால வினைல் தட்டு) ஊசியில் போடாதீங்க, 78க்குத் தடிமனான தனி ஊசி வேணும். சாவி கொடுக்கிற கிராமபோன் வேண்டவே வேண்டாம், அந்தத் தலையின் கனத்துக்குத் தட்டு தேயும்.

கீழக்கரை_பரண்:
ரொம்ப நன்றி காக்கா. இப்போ பார்த்தேன், ரயில் தட்டில் மூன்று கோடு, 1, 4, 4 என்று இருக்கு. ஒரே ரீலில் ரெண்டு தடவை ரயிலா? போட்டோ எடுத்துப் போடுகிறேன். 78 ஊசி ராமநாதபுரத்தில் கிடைக்குமா, மதுரைக்குத்தான் போகணுமா?