லைவ் விலைக்கு மாசாமாசம் காசு பிடிக்கிறாங்களே, எதுக்கு?

சாட்ஸ்வொர்த்_குமரன்:
வணக்கம். தென்னாப்பிரிக்கா டர்பன்ல குடோன் வேலை. ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து டீ போடறதுக்குள்ள மூன்றரைக்கு நியூயார்க் மார்க்கெட் திறந்துடும் (அங்க குளிர்காலம்னா நாலரை, நம்ம ஊர்ல கடிகாரத்தை மாத்தறதில்லையே). வாங்கி விக்கிறது ஆப்பிள், என்விடியா ரெண்டுதான். புரோக்கர் அனுப்பின போன மாச ஸ்டேட்மென்ட்ல, லைவ் விலைக்குன்னு நெட்வொர்க் ஏ, பி, சின்னு மூணு லைன். லைனுக்கு ஒன்றரை டாலர், மொத்தம் சுமார் 80 ராண்ட். பெரிய காசில்ல, ஆனா எதுக்குன்னே தெரியாம கட்டறது உறுத்துது. போன்ல ஓசியிலயே விலை தெரியுதே?

மாரிட்ஸ்பர்க்_செல்வம்:
தம்பி, ஓசியில வர்றது பெரும்பாலும் 15 நிமிஷம் பழசு. இல்லன்னா ஏதோ ஒரே எக்ஸ்சேஞ்சோட விலை. அமெரிக்காவுல ஒரே ஷேர் பத்துப் பன்னிரண்டு எக்ஸ்சேஞ்சுக்கு மேல கைமாறுது. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து எங்க நல்ல விலைன்னு உடனுக்குடன் அனுப்பற சேவைக்குத்தான் அந்தக் காசு.

ஏ-ன்னா நியூயார்க் எக்ஸ்சேஞ்ச்ல பட்டியலானது. சி-ன்னா நாஸ்டாக். பி-யில மத்ததெல்லாம், எஸ்பிஒய் (அமெரிக்காவோட 500 பெரிய கம்பெனி சேர்ந்தது) மாதிரி இடிஎஃப், அதாவது பல ஷேரை ஒண்ணாக் கட்டி ஒரே ஷேர் மாதிரி விக்கிறது, நிறைய அங்கதான். உங்க ரெண்டு ஷேரும் நாஸ்டாக். சி மட்டும் போதும்.

ஆனா ஒன்றரை டாலரோட தப்பிச்சீங்களே, அதைச் சொல்லுங்க. நான் மசாலாக்கடை கம்பெனி பேர்ல கணக்குத் தொடங்கினேன், வரிக்கணக்கு எழுத வசதின்னு. படிவத்துல கம்பெனின்னு போட்டதும் என்னை 'புரொஃபெஷனல்' ஆக்கிட்டாங்க. கொத்தமல்லி அரைக்கிறவன் எந்த ஊரு புரொஃபெஷனல்? அதே மூணு லைன், 90 டாலருக்கு மேல! 1,600 ராண்ட்! அதுவும் 28ஆம் தேதி சேர்ந்தேன். முழு மாசத்துக்கும் பிடிச்சாங்க, மூணு நாள் கழிச்சு அடுத்த மாசத்துக்கும். சண்டை போட்டேன். விதி எக்ஸ்சேஞ்சோடது, நாங்க வசூல் பண்றவங்கதான்னு புரோக்கர் கைவிரிச்சுட்டார். கணக்கை மூடி, என் சொந்தப் பேர்ல திறந்தேன். சொந்தக் காசு, சொந்தப் பேர், அடுத்தவங்களுக்காக வாங்கி விக்கிறதில்லன்னா பெரும்பாலும் நான்-புரொஃபெஷனல். அந்தக் கேள்வித்தாளைப் படிக்காம டிக் பண்ணாதீங்க.

ஃபீனிக்ஸ்_அக்கா:
எனக்கு லைவும் வேணாம் ஒண்ணும் வேணாம். சம்பளம் வந்த மறுநாள் சாட்ரிக்ஸ் 40 (இங்கத்த 40 பெரிய கம்பெனி சேர்ந்த இடிஎஃப்) வாங்கறேன், ஜோஹன்னஸ்பர்க் விலை 15 நிமிஷம் தாமதமா தெரிஞ்சா என் குடியா முழுகிடும்? முதல் தடவை நாலு இலக்கத்துல விலையைப் பார்த்து ராண்ட்னு நினைச்சு பயந்தேன். இங்க விலை சென்ட்ல போடுவாங்கன்னு மகன்தான் சொன்னான்.

மாரிட்ஸ்பர்க்_செல்வம்:
அக்கா சொல்றது சரி. இன்னொண்ணு தம்பி: ஆர்டர் எப்பவும் லைவ் மார்க்கெட்லதான் நிறைவேறும், பழசா இருக்கிறது நம்ம கண்ணுல படற விலைதான். அதனால தாமத விலையைப் பார்த்து 'மார்க்கெட் ஆர்டர்', அதாவது கிடைக்கிற விலைக்கு வாங்குன்னு, போட்டுடாதீங்க. இந்த விலைக்கு மேல வேணாம்னு லிமிட் போடுங்க. லெவல் 2-ன்னு வரிசையா வாங்கறவன் விக்கிறவன் எல்லாரையும் காட்டற பேக்கேஜ் விப்பாங்க, அதுக்குத் தனிக் காசு. மாசத்துக்கு நாலு தடவை வாங்கறவருக்கு அது எதுக்கு?

சாட்ஸ்வொர்த்_குமரன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. படிவத்தைத் தேடிப் பார்த்துட்டேன், நான்-புரொஃபெஷனல்தான். பி-யையும் நிறுத்தலாம்னு போனேன், ஆனா எஸ்பிஒய் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துத்தான் அன்னிக்கு இறங்கறதா வேணாமான்னு முடிவு பண்றேன். அதனால ஏ மட்டும் போச்சு. மாசம் 27 ராண்ட் மிச்சம், கால் பன்னி சோவுக்குக்கூட (பிரெட்டைக் குடைஞ்சு உள்ள கறி ஊத்தித் தர்றது) காணாது.