பெலோட்டானுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

திருவான்மியூரிலிருந்து, செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி பற்றி ஓர் இதழுக்கு நான்கு பக்கம் மொழிபெயர்த்துத் தர ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. ஒரு நாள் ஓட்டமான ஸ்டேஜ் என்பதற்குக் 'கட்டம்' போட்டாயிற்று: 21 கட்டம், 23 நாள், நடுவே இரண்டு நாள் ஓய்வு. மஞ்சள் சட்டையும் சரி. 1903இல் போட்டியைத் தொடங்கிய லோட்டோ பத்திரிகை மஞ்சள் தாளில் வந்ததால் 1919இல் முதலிடத்தாருக்கு அந்த நிறம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

சிக்கல் பெலோட்டானில். ஒட்டி உரசிக்கொண்டு போகும் அந்தப் பெருங்கும்பல். 2025இல் 23 அணி, அணிக்கு 8 பேர், ஆக 184 சைக்கிள். 'கூட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். மலைப்பாதையில் ரசிகர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் இடம் வந்தது. "கூட்டம் கூட்டத்துக்குள் புகுந்தது" என்று நானே தட்டச்சு செய்திருக்கிறேன். காப்பாற்றுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து, புதன் அதிகாலை

அம்மா, வேரைப் பிடித்தால் சொல் தானே வரும். பிரெஞ்சில் 'பெலோத்' என்றால் நூலுருண்டை. பெலோட்டான் சின்ன உருண்டை. பிறகு அதே சொல் சிறு படைப்பிரிவுக்கும் ஆகி, ஆங்கிலத்தில் பிளட்டூன் ஆனது. நம்மிடம் 'திரளை' இருக்கிறது. திரள் என்பதிலிருந்து திரளை, உருண்டை. சோற்றுத் திரளை என்பார்கள். பிரெஞ்சுக்காரன் போன வழியிலேயே தமிழும் போயிருக்கிறது பாருங்கள்!

படைப் பொருளையும் விட வேண்டாம். முன்னே போகும் படைக்குத் 'தார்', பின்னே வருவதற்குக் 'கூழை'. புறநானூற்றின் 88ஆம் பாட்டில் இரண்டும் சேர்ந்தே வரும். குறள் 767இலும் தார் உண்டு. முன்னே பிரிந்து ஓடுபவர்களைத் தார் என்றும், பின்தங்கியவர்களைக் கூழை என்றும், நடுவே உள்ளதைத் திரளை என்றும் சொல்லிவிட்டால் ஒரே மூச்சில் மூன்று கலைச்சொல்.

பெரம்பூரிலிருந்து, புதன் காலை

ஐயா, தார் ரோட்டில் தார் போகிறது என்று எழுதினால் அக்காவின் ஆசிரியர் அச்சுப்பிழை என்று ஒன்றை அடித்துவிடுவார்.

நான் ஞாயிறுதோறும் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருகிறவன். எங்கள் ஆட்கள் இதைப் 'பஞ்ச்', அதாவது கொத்து, என்கிறார்கள், சிலர் பெலோட்டான். உருண்டை, படை எல்லாம் சரி. ஆனால் அந்தக் கும்பலைச் சேர்த்துவைத்திருப்பது காற்று. பீச்சில் காற்று வாங்குவது சுகம். சைக்கிளில் முன்னால் போய்க் காற்று வாங்குவது வேலை. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டவனுக்கு அந்த வேலையில் கணிசமான பகுதி மிச்சம். அதனால்தான் 184 பேரும் ஒட்டுகிறார்கள், பாசத்தால் இல்லை.

ஒருநாள் தாமதமாகி, வடக்கே திரும்பும்போது கடற்காற்று ஏறிவிட்டது. கடல் வலப்பக்கம். நேர் பின்னால் போனால் மறைவே இல்லை, இடப்புறமாகச் சற்றுத் தள்ளிப் போக வேண்டும். ஒருவர் பின் ஒருவராக விசிறி மாதிரி சாய்ந்து நின்றோம். ஆறாவது ஆளோடு சாலை தீர்ந்தது. ஏழாவது நான், மண்ணில். இரண்டே நிமிடத்தில் அவர்கள் புள்ளியாகிவிட்டார்கள். டூரில் பெலோட்டான் துண்டு துண்டாக உடைவதும் இப்படித்தான். வருகிற சொல் உடையவும் வேண்டும், மறுபடி ஒட்டவும் வேண்டும். கிடைக்காவிட்டால் பெலோட்டானே இருக்கட்டுமே, பஸ்ஸை வைத்துக்கொள்ளவில்லையா?

மயிலாப்பூரிலிருந்து, புதன் மதியம்

பஸ்ஸை வைத்துக்கொண்டது பெருமை இல்லை, தம்பி. அப்புறம், பெலோட்டான் என்ற ஈற்றைக் கவனித்தீர்களா? ஓட்டான், கேட்டான் மாதிரி ஆண்பால் ஒருமை வினைமுற்றாக ஒலிக்கிறது. "பெலோட்டான் மூவரைப் பிடித்தான்" என்று எழுத ஆளில்லாமலா போகும்? 2022 முதல் பெண்களுக்கான டூரும் நடக்கிறது. அவர்களுக்குப் பெலோட்டாளா?

'மிதிவண்டிக் குழாம்' என்பதே என் முடிவு. அடியார் குழாம் இருக்கும்போது மிதிவண்டியார் குழாம் ஏன் கூடாது?

அம்பத்தூரிலிருந்து, புதன் மாலை

அடியார் குழாம் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை ஏமாற்றியதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். கடைசி ஆளுக்குப் பிரெஞ்சில் 'சிவப்பு லாந்தர்' என்று பெயராமே, ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கை வைத்து. அவருக்கும் பின்னால், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வரும் வண்டிக்குத் 'துடைப்ப வண்டி'. கூழையைவிட இவை இரண்டும் எனக்கு உடனே புரிகின்றன. இவற்றுக்காவது சண்டை போடாமல் அப்படியே விடலாமா?

மயிலாப்பூரிலிருந்து, புதன் மாலை

லாந்தர் தமிழல்ல.

திருவான்மியூரிலிருந்து, வியாழன் இரவு

சொற்களை வரிசையாகக் கட்டுரைக்குள் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பெரம்பூர்த் தம்பி சொன்னதே உரைகல்லாக இருந்தது: உடைய வேண்டும், ஒட்ட வேண்டும்.

குழாம் உடைகிறது, ஆனால் ஒட்டும்போது 'மீண்டும் ஒன்றுசேர்ந்தது' என்று இன்னொரு வினையைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. திரளை, மன்னியுங்கள் ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் "திரளையிலிருந்து இருவர் நழுவினர்" என்று படித்த என் மகள், "என்ன சாப்பாடும்மா?" என்றாள். கடைசி ஐகாரத்தை வெட்டினேன், திரள்.

"மலையேற்றத்தில் திரள் மூன்றாக உடைந்தது, இறக்கத்தில் மறுபடி திரண்டது." வினை உள்ளேயே இருக்கிறது. "திரளோடு முடிவுக்கோட்டைத் தாண்டியவர்களுக்கு ஒரே நேரம்" என்பதும் தடுக்கவில்லை. 130 கிலோமீட்டர் தனியே ஓடி, முடிவுக்கோட்டுக்கு முன்னால் பிடிபடுகிறவனைப் பற்றிய பத்திக்கு, வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை இலவசமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே திரள்வது வேறு, உடைவது வேறு என்று யாராவது எழுதப் போகிறீர்கள். தெரியும். எழுதாதீர்கள்.

காற்று மறைவில் போவதற்கு 'ஒட்டிப்போதல்' என்று போட்டிருக்கிறேன். கலைச்சொல் மாதிரி இல்லை என்பது குறையாகத் தெரியவில்லை.

அண்ணா நகரிலிருந்து, வியாழன் இரவு

திரள் சரி. மக்கள் திரளோடு குழம்பும் என்றாலும், கூட்டம் அளவுக்குக் குழம்பாது. எனக்கு நாளைக்கு வேலை இருக்கிறது, கை தூக்கிவிட்டேன்.

பெரம்பூரிலிருந்து, வியாழன் இரவு

எனக்கும் சரி. ஞாயிறு சொல்லிப் பார்க்கிறேன். சிரிப்பார்கள்.

திருவான்மியூரிலிருந்து, வெள்ளி காலை

அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'பெலோட்டான் எனும் திரள்', பிறகு எல்லா இடத்திலும் திரள். சிவப்பு லாந்தரையும் துடைப்ப வண்டியையும் தொடவில்லை. தலைவனுக்காகக் காற்றை வாங்கி, தண்ணீர் சுமந்து, கடைசியில் பெயரே இல்லாமல் போகும் அணி ஆளுக்குப் பிரெஞ்சில் வீட்டு வேலைக்காரன் என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. அதைச் 'சக வீரர்' என்று எழுதித் தப்பித்துவிட்டேன்.

மயிலாப்பூரிலிருந்து, வெள்ளி காலை

'எனும்' போட்டு அயற்சொல்லை முன்னால் உட்காரவைத்ததை நான் ஏற்கவில்லை என்பது பதிவாகட்டும்.

குரோம்பேட்டையிலிருந்து, வெள்ளி நண்பகல்

தண்ணீர் சுமப்பவருக்கு 'ஏவலர்' இருக்க, சக வீரர் எதற்கு, அம்மா? ஏவல் என்னும் சொல்லைப் பற்றித் தனியே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். திரளையை நான் இன்னும் விடவில்லை.