டெய்லராக இருந்து லைன் சூப்பர்வைசர் ஆனவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி:
திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மிஷின்) டெய்லராக இருந்தேன். இப்போது லைன் சூப்பர்வைசர், அதாவது ஒரு வரிசை மிஷின்களில் தைப்பவர்களைக் கவனிக்கும் பொறுப்பு. மிஷின் கோளாறு எனக்குப் பெரிய விஷயமில்லை. கூடவே தைத்த அக்காக்களிடம் எப்படி வேலை வாங்குவது?

பதில் 1:
தம்பி, 1955இல் ராபர்ட் காட்ஸ் என்ற அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர், நிர்வாகிக்கு மூன்று திறன்கள் வேண்டும் என்றார்: தொழில் அறிவு, மனிதர்களோடு பழகுவது, நிறுவனத்தை மொத்தமாகப் பார்ப்பது. மேலே போகப் போகத் தொழில் அறிவின் தேவை குறையும், மூன்றாவது கூடும். பழகும் திறன் எல்லா மட்டத்திலும் வேண்டும்.

பதில் 2:
மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுங்கள். குறைந்தால் ஆளைத் திட்டாமல், கட்டிங் பீஸ் வந்ததா, நூல் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரிங்கண்ணா. காலர் ரிப் (கழுத்துப் பட்டிக்கான துணி) வராமல்தான் லைன் அடிக்கடி நிற்கிறது.

பதில் 2:
அப்படியென்றால் முதல் நாள் மாலையே கட்டிங் இன்சார்ஜிடம் கேட்டு வாங்கி வையுங்கள். திட்டமிடுவது உங்கள் வேலை, அக்காக்களுடையது அல்ல.