திணிவு மையம் எனக்கு விளங்கினது அம்மாவோட கொழுந்துக் கூடையில, உங்களுக்கு எங்க?

பொகவந்தலாவை பக்கம் இருந்து:

ஏ.எல்ல, அதாவது உயர்தரத்துல, இணைந்த கணிதம் செஞ்சவங்களுக்கு இந்தப் பாடம் மறந்திருக்காது. ஒவ்வொரு திணிவையும் ஒரு கோட்டுல இருந்து அது இருக்கிற தூரத்தால பெருக்கு, எல்லாத்தையும் கூட்டு, மொத்தத் திணிவால பிரி, வர்றதுதான் திணிவு மையம், மொத்தப் பாரமும் ஒரே இடத்துல சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரு புள்ளி. சேர் போர்டுல எழுதினாரு, நானும் கொப்பியில எழுதினேன், கணக்கும் சரியாத்தான் வந்துச்சு, ஆனா ஏன் தூரத்தால பெருக்கணும்னு யாராச்சும் கேட்டிருந்தா எனக்குப் பதில் தெரிஞ்சிருக்காது.

லீவுல ஒரு நாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுட்டு தேயிலை மலைக்குப் போனேன். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். அம்மா கூடையோட வர்றாங்க, தலையில மடிச்சு வச்ச துணி மேல கயிறு அழுந்திப் போயிருக்கு, ஒடம்பு இடுப்புல இருந்தே முன்னுக்குச் சாஞ்சிருக்கு. தராசுல கொட்டினதும் நிமிர்ந்துட்டாங்க. பாரம் போனா நிமிருவாங்கதானேன்னு இத்தனை வருஷமா பார்த்துட்டு விட்டுட்டேன், ஆனா அன்னிக்கு ஏன் முன்னுக்கு, ஏன் அவ்வளவு சாய்வுன்னு மனசுல தச்சிருச்சு.

ராத்திரி கொப்பிய எடுத்தேன். அம்மா 48 கிலோ, கூடையும் கொழுந்தும் சேர்ந்து 12 கிலோ. அம்மா நேரா நிக்கிற கோட்ட பூச்சியம்னு வச்சேன், கூடையோட நடு அதுக்குப் பின்னால 30 சென்டிமீட்டர். 48ஐ பூச்சியத்தால பெருக்கினா ஒண்ணுமில்ல, 12ஐ 30ஆல பெருக்கினா 360, மொத்தம் 60 கிலோவால பிரிச்சா 6. அதாவது ரெண்டு பேரும் சேர்ந்த திணிவு மையம் 6 சென்டிமீட்டர் பின்னால, குதிகால் பக்கம் போயிருது. அந்த மையத்துல இருந்து நேரா கீழ எறங்குற கோடு பாதத்த விட்டு வெளிய போச்சுன்னா ஆள் மல்லாக்க விழுந்துருவாங்க, அதனாலதான் அம்மா ஒடம்ப முன்னுக்குக் கொண்டுபோய் கோட்ட பாதத்துக்கு நடுவுல திருப்பி வைக்கிறாங்க. கூடை பாதியா இருக்கையில 6 கிலோன்னா 180ஐ 54ஆல பிரிக்கணும், 3.3தான் வரும். கூடை நிறைய நிறைய சாய்வும் கூடும், இதை யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல.

பெருக்கிறது ஏன்னு அங்கதான் புடிபட்டுச்சு. அதே 12 கிலோவ கயித்த லூசா விட்டு 40 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டா 6 இல்ல, 8 வரும். பாரம் கூடல, தூரம்தான் கூடிச்சு, ஆனாலும் பின்னுக்கு இழுக்குது. அந்தப் பெருக்கம்தான் திருப்பம், அதாவது பாரம் ஆளத் திருப்பிச் சாய்க்கப் பார்க்கிற அளவு.

கந்தப்பளை பக்கம் இருந்து:

தங்கச்சி, வாசிச்சு முடிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். நான் கணிதம் படிப்பிக்கிறவ, எங்க பக்கம் கரட்டுக்குப் பஞ்சமில்ல, அதனால வகுப்புல வருஷா வருஷம் இதைச் செய்வேன். நல்ல கூம்பு மாதிரி ஒரு கரட்ட எடுத்து விரல் மேல வச்சு சமநிலை வர்ற இடத்துல கத்தியால கோடு போட்டு அங்கயே வெட்டிருவேன். ரெண்டு துண்டுல எது பாரம்னு கேட்டா வகுப்பே சமம்னு கத்தும். போன தவணையில எலக்ட்ரிக் தராசுல வச்சப்ப தடிச்ச துண்டு 71 கிராம், மெலிஞ்ச துண்டு 57.

திணிவு மையம்னா திணிவ ரெண்டா சமமாப் பிரிக்கிற இடம்னுதான் பிள்ளைங்க மனசுல பதிஞ்சிருக்கு, பெரியாக்களுக்கும் அப்படித்தான். சமமாகிறது திருப்பம். தடிச்சது பாரம் ஆனா விரலுக்குக் கிட்ட, மெலிஞ்சது லேசு ஆனா தூரம் நீளுது. சரியான திண்மக் கூம்புன்னா மையம் அடியில இருந்து உயரத்துல கால்வாசியில வரும், அங்க வெட்டினா அடித்துண்டுக்கும் நுனித்துண்டுக்கும் விகிதம் 37க்கு 27. முக்கோண அட்டையிலயும் இதே கதைதான், மையத்துக்கூடாக அடிக்குச் சமாந்தரமா வெட்டினா மேல 9ல 4 பங்கு, கீழ 5 பங்கு. கரட்ட வெட்டிக் காட்டாம இந்தப் பாடத்த தொடங்கவே கூடாதுங்கிறது என்னோட உறுதியான எண்ணம்.

றம்பொடை பக்கம் இருந்து:

நான் படிச்சது ஓ.எல் வரைக்கும்தான், மரக்கறி லொறியில போறேன். உருளைக்கிழங்கு மூட்டை கீழ, கோவா லீக்ஸ் மேல, அதுதான் முறை. ஒரு தடவை அவசரத்துல மாத்தி ஏத்திட்டாங்க, எங்க வளைவுல திரும்பையில உள்பக்க டயர் ரோட்ட விட்டு எழும்பினத சீட்டுல உணர்ந்தேன். கல்லுல இடிச்ச மாதிரி இல்ல, வயித்துக்குள்ள எதுவோ மெதுவா தூக்குற மாதிரி. அடுத்த கடைக்கிட்ட நிப்பாட்டி எல்லாத்தையும் எறக்கித் திருப்பி ஏத்தினோம். மையம் மேல ஏற ஏற கொஞ்சம் சரிஞ்சாலே கோடு சில்லுக்கு வெளிய போயிரும்னு மகன் படம் போட்டுக் காட்டினான்.

பொகவந்தலாவை, திரும்பவும்:

டீச்சர், கரட் வெட்டிப் பார்த்தாச்சு, எனக்கு 66க்கு 51. அம்மாவும் பக்கத்துல இருந்தாங்க. "பாரத்த ஒடம்போட ஒட்டி வச்சாத்தான் நடக்க முடியும், அம்மாயி எனக்கு மொத மொத சொன்னதே கயித்த இறுக்கிக் கட்டுங்கிறதுதான்"ன்னாங்க. நான் 30னு எடுத்தது கண் மதிப்புதான், நாளைக்கு டேப்போட மலைக்குப் போய் அளந்துட்டு வந்து சரியான கணக்கப் போடுறேன்.