வால்பாறை மழைக்கு எஃப்இசட் டயர்: பின்பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பொள்ளாச்சி ரெப்:

வணக்கம் நண்பர்களே. எனக்கு மருந்து கம்பெனி ரெப் வேலை. கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆனைமலை என்று தரையில் பாதி, வால்பாறை மலையில் மீதி. வண்டி 2019 கடைசியில் எடுத்த யமஹா எஃப்இசட்-எஸ் வெர்ஷன் 3 பைக். முன்னால் 100/80-17, பின்னால் 140/60 ரேடியல் வகை டயர், 17 இன்ச்.

பின் டயர் நடுவில் சப்பையாகத் தேய்ந்துவிட்டது, ஓரத்தில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடுகள்) நன்றாகவே இருக்கிறது. முன் டயர் வண்டியோடு வந்தது. பார்வைக்குப் பாதி பட்டனுக்கு மேல் இருக்கிறது. ஜூன் பிறந்ததிலிருந்து, வால்பாறை மலைப்பாதையில் அட்டகட்டிக்கு மேலே ஈர ரோட்டில் இறங்கும்போது பின்பக்கம் லேசாக வழுக்குகிறது, அதிலும் வளைவுக்கு முன் பிரேக் தொடும்போது.

ஒரு கடையில் விசாரித்தேன். "முன்னாடி இருக்கறதே இன்னும் ரெண்டு வருஷம் வரும், பின்னாடி மட்டும் நல்ல ஹார்டு டயரா போடுங்க, தேயவே தேயாது" என்றார்கள். பின்னால் 140-க்குப் பதில் இன்னும் அகலமான 150 சைஸ் போட்டால் பிடிப்பு கூடும் என்றும் சொன்னார்கள். எனக்கு நீண்ட நாள் உழைக்கவும் வேண்டும், மழையில் வழுக்கவும் கூடாது. எதைப் போடலாம்?

மூணாவது கியர்:

பிராண்டெல்லாம் அப்புறம் பாருங்க ப்ரோ. மழைக்காலத்தில் காற்றை ரெண்டு டயரிலும் அஞ்சு பாயின்ட் (பிஎஸ்ஐ) குறைச்சு ஓட்டிப் பாருங்க. டயர் நல்லா பரவி ரோட்டைப் பிடிக்கும். நான் எப்பவும் அப்படித்தான்.

டயர்க்கடை அண்ணாச்சி:

தம்பி ரெப், மேலே சொன்ன காற்று விஷயத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீங்க. மணலிலும் சேற்றிலும் காற்றைக் குறைப்பது சரி. தார் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது, டயர் அதைப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டு ரோட்டைத் தொட வேண்டும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கிற காற்றுதான். குறைத்தால் நடுப்பகுதி தளர்ந்து, பட்டன்களுக்கு நடுவே இருக்கிற காடிகள் நெருங்கி, தண்ணீர் போக வழியில்லாமல் போகும். வளைவில் வண்டி ஆடவும் செய்யும். வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. காலையில் டயர் சூடாவதற்கு முன் பாருங்க, மலையடிவாரத்து ஆழியாறு வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும்.

இப்போது உங்கள் டயருக்கு வருகிறேன். முன் டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 3819 என்று இருந்தால் 2019-ஆம் வருடம் 38-ஆவது வாரம் செய்தது. வண்டி எடுத்த காலத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையதும் அதைச் சுற்றித்தான் இருக்கும். பட்டன் இருக்கிறது என்பது பாதிக் கதைதான் தம்பி. ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் இறுகிப்போகும். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, முன் டயர் காடியைக் கொஞ்சம் விரித்து, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்க. அடியில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்துங்க. நல்ல ரப்பர் கொஞ்சம் உள்வாங்கி மீளும், இறுகிய ரப்பரில் நகம்தான் வலிக்கும்.

பின்பக்கம்தானே வழுக்குகிறது, முன்னால் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்க நேரம் கிடைக்கும். முன்பக்கம் போனால் நினைப்பதற்குள் கீழே கிடப்போம். பிரேக் பிடித்தால் எடை முழுக்க முன்னால்தான் வருகிறது, இறக்கத்தில் அது இன்னும் கூடும். உங்கள் வண்டிக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் அமைப்பு) முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் லாக் ஆனால் தடுக்க ஆள் இல்லை. அதனால் ஈரத்தில் பின் பிரேக்கை மிதிக்காமல் தொட்டுத் தொட்டு விடுங்க. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குக் கியர் இறக்கும்போது கிளட்சை மெதுவாக விடுங்க. பட்டென்று விட்டாலும் அதே வழுக்கல்தான் வரும், ஆனால் பழி டயர் மேல் விழும்.

பின் டயர் நடுவில் சப்பை ஆவது கோவை ரோடு மாதிரி நேர் ரோட்டில் ஓடுவதால். உள்ளங்கையை டயரின் குறுக்கே வைத்துத் தடவினால் நடுவில் தட்டையும் இரண்டு பக்கமும் வரம்பும் கையில் தட்டுப்படும். ஹேர்பின்னில் சாய்க்கும்போது வண்டி அந்த வரம்பில் ஏறி இறங்கும். ஓரத்தில் பட்டன் இருப்பதால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ (தேய்மான எல்லைக் குறி) எழுத்து அல்லது முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே காடிக்குள் சின்ன மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயர் முடிந்தது. சட்டப்படி டூவீலருக்கு 0.8 மில்லிமீட்டர் ஆழம் போதும். போலீஸ்காரருக்கு அது போதும், வால்பாறை மழைக்குப் போதாது. நான் மலை ஓட்டுகிறவர்களிடம் 2 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்லிவிடுவேன்.

உழைப்பும் வேண்டும், ஈரப்பிடிப்பும் வேண்டும் என்றால் எங்கோ விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ரப்பர் கலவை இறுகலாக இருந்தால் கிலோமீட்டர் கொடுக்கும், குளிர்ந்த ஈர ரோட்டில் பிடிக்காது. சிலிக்கா சேர்த்த கலவை குளிரிலும் இளகி நிற்கும். கடையில் கேட்கும்போது "மைலேஜ் டயரா, கிரிப் டயரா" என்று கேளுங்க. மலையும் மழையும் உங்கள் பிழைப்பில் பாதி என்றால், கிலோமீட்டரைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்க. முன்னால் கட்டாயம் கிரிப் டயர். அது பின் டயர் அளவுக்கு வேகமாகத் தேயாது என்பதால் செலவும் அதிகம் தெரியாது. பின்னால் கூட ரொம்ப ஹார்டுக்குப் போக வேண்டாம், நடுத்தரமாகப் பாருங்க. எம்ஆர்எஃப், மதுரைக்காரர்கள் டிவிஎஸ் யூரோகிரிப், சியட், மிஷெலின் என்று எதுவானாலும் சரி. உங்கள் சைஸில், ரேடியலாக, புது தேதியில் எது கிடைக்கிறதோ அதை எடுங்க. ஒரு வருடத்துக்கு மேல் கடையில் தூங்கிய டயருக்குத் தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

150 வேண்டவே வேண்டாம். உங்கள் ரிம் 140-க்கு அளவெடுத்தது. அகல டயரை அதில் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடு கூம்பிக்கொள்ளும். ரோட்டைத் தொடும் இடம் கூடும் என்று நினைத்துப் போடுவீர்கள், உள்ளதும் குறையும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்க. சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்க்காமல் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வர வேண்டும்.

எஸ்டேட் ஸ்கூட்டர்:

வால்பாறைக்காரி என்பதால் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது ஹேர்பின்னிலும் வழுக்கல் ஒரே மாதிரி இருக்காது. வெயில் படாத மர நிழல் வளைவுகளில் ரோட்டோரம் பாசி படிந்திருக்கும், தார் நிறத்திலேயே இருப்பதால் தெரியாது. வண்டிச் சக்கரங்கள் ஓடிய தடத்திலேயே போங்க. வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடிக்காதீங்க. விடியற்காலையில் யானைச் சாணம் கிடக்கும், அதில் எந்தப் புது டயரும் நிற்காது!

இன்னொன்று. வாட்டர் சர்வீஸில் டயர் பளபளக்க பாலிஷ் அடித்து விடுவார்கள். பட்டனில் பட்டால் சோப்புதான். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

மூணாவது கியர்:

அண்ணாச்சி, காற்று விஷயம் ஒத்துக்கறேன். ஆனா மேலே மண் ரோடும் இருக்கே, தாருக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் செய்யற ஆன்-ஆஃப் டயர் போட்டா ரெண்டுக்கும் ஆகாதா?

டயர்க்கடை அண்ணாச்சி:

மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் பெரிய பெரிய கட்டைப் பட்டன் வைத்த டயர் தார் ரோட்டைத் தொடுவது குறைவு. ஈரத் தாரில் அது நெளியும். ரெப் தம்பி போவது கிளினிக்குகளுக்கு, அங்கெல்லாம் தார் இருக்கிறது.

பொள்ளாச்சி ரெப்:

எல்லாருக்கும் நன்றி. காடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், முன் டயரில் வெடிப்பு இருக்கிறது. எண் 3619. இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன். புதன்கிழமை மாட்டிவிட்டு வியாழன் மேலே போகலாமா?

டயர்க்கடை அண்ணாச்சி:

வியாழன் வேண்டாம். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் கீழேயே, காய்ந்த ரோட்டில், மெதுவாக ஓட்டுங்க. உடுமலை பக்கம் டாக்டர்களை அந்த வாரத்தில் பார்த்துவிடுங்க. அப்புறம் டயர் மாற்றும்போதே ட்யூப்லெஸ் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்க, அதற்கும் அதே வயதுதான்.